லீஸ் வண்டியும் ஒட்டாத பிள்ளையாரும்

குண்டு மாமா, நீ போய்ச் சேந்து ரெண்டு மாசம். கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்து நீ ஓட்டின லீஸ் டாக்சிய இன்னிக்கு அவங்க தேனாம்பேட்டை ஆபீஸ்ல நானே திருப்பிக் குடுத்துட்டேன்.

"ரிப்பேர் செலவு அவங்களுது. ஆனா எத்தினி வருஷம் ஓட்டினாலும் வண்டி நம்மளுது ஆவாது"ன்னு சொல்லுவியே.

கீறல் இருந்தா நீ கட்டின அட்வான்ஸ்ல புடிச்சிப்பாங்கன்னு பயந்துகினே நின்னேன்.

செக் பண்றவரு சுத்திப் பாத்துட்டு, "இன்னாக்கா, சாமி பொம்ம ஒட்டின பசை கூட இல்ல!"ன்னாரு.

"அடுத்தவங்க வண்டின்னு ஒட்டலப்பா. கர்சீப்ப மடிச்சு அதுமேல பிள்ளையார வெச்சிருந்தாரு."

"பிரேக் போட்டா வுழமாட்டாரா?"

"எங்க வூட்டுக்காரு ஓட்டி ஒருநாளும் வுழல"ன்னேன். அங்க நின்ன டிரைவருங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அட்வான்ஸ் முழுசா வந்துச்சு.

இப்ப பஸ்ல வரேன். பிரேக் போடறப்பல்லாம் பிள்ளையாரு மடியிலேர்ந்து உருள்றாரு. இனிமே இவர எங்க உக்கார வெக்கறது, மாமா?