ஸ்டேஷன் பக்கத்து வாசல்

பசுமை வளாகம் திட்டமிடுவது என்றால், இன்னும் நடாத மரத்தின் நிழலுக்கு இன்றைக்கே கையெழுத்து வாங்கும் தொழில். மும்பையில், செம்பூரில் ஒரு சின்ன ஆபீஸில் இருபது வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சுருட்டிய வரைபடத்தோடு ஏதாவது ஒரு கமிட்டியின் கதவுக்கு வெளியே காத்துக் கிடந்தவர்கள் உங்களில் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நாம் எல்லாரும் ஒரே கட்சி.

இருபது வயசு மரங்கள்

மான்குர்த் தாண்டி, பாலமும் தாண்டி, நவி மும்பையில் ஒரு புதிய பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடப்போவது முழ உயரக் கன்றாக இருந்தாலும், படத்தில் இருபது வருஷம் வளர்ந்த மரமாகப் பெரிய பச்சை வட்டம் போடுவோம். உள்ளபடி போட்டால் புள்ளிதான் தெரியும், புள்ளியை வேலை கொடுக்கிறவர் யாரும் ரசிக்க மாட்டார்.

நிர்வாக அதிகாரி காட்கே சாஹேப் படத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனார். (அவருடைய ஹிந்தியை நம் சௌகரியத்துக்குத் தமிழில் தருகிறேன்.) சோலார் பலகை, மழைநீர்க் குளம், மெஸ் கழிவிலிருந்து அடுப்புக்கு எரிவாயு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிழக்கு மதிலில், ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்த பக்கம், நடந்து வருகிறவர்களுக்காக நான் ஒரு சின்ன வாசல் வைத்திருந்தேன். அதை அவர் கவனிக்கவில்லை. விரல் பச்சை வட்டங்களிலேயே இருந்தது. கடைசியில் கேட்டார்: "மேடம், இதே சைஸ் மரமா, திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் டெலிவரி ஆயிடுமில்ல?"

பிளாட்பாரத்திலிருந்து பார்த்த வகுப்பு

அந்த வாசல் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் நான் படித்த கல்லூரியும் ஸ்டேஷனை ஒட்டித்தான் இருந்தது. தாராவியிலிருந்து சயானுக்கு நடந்து, ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி இறங்குவேன். பிளாட்பாரத்தில் நின்றால் எங்கள் வகுப்பின் ஜன்னல் தெரியும். உள்ளே ஃபேன் சுற்றுவதுகூடத் தெரியும். ஆனால் கல்லூரியின் ஒரே வாசல் ஹைவே பக்கம். மதிலைச் சுற்றி இருபத்தைந்து நிமிஷம் நடக்க வேண்டும், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில். முதல் பீரியட் எனக்கு ஜன்னலோடு சரி. அந்த ஜன்னலுக்கு உள்ளே, மற்றவர்களைப் போல நேரத்தோடு போய் உட்கார வேண்டும் என்று ஏங்கினேன் பாருங்கள், அப்படி நான் பிற்பாடு வீட்டுக்கோ நகைக்கோ ஏங்கியதில்லை.

ஒருநாள் துணிந்து, மாட்டுங்காத் தமிழரான எங்கள் பேராசிரியரிடம் தமிழிலேயே முறையிட்டேன். "நீங்க க்ளாஸுக்குள்ள நுழைஞ்சதை நான் பிளாட்பாரத்துல நின்னு பாத்தேன் சார், நான் லேட் இல்லை" என்றேன். அவர் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்கேர்ந்து பார்த்தியோன்னோ, அட்டெண்டன்ஸையும் அங்கேயே போட்டுக்கோம்மா."

சிவப்புப் பென்சில்

இரண்டாவது கூட்டத்தில் காட்கே சாஹேப் வாசலைக் கண்டுபிடித்துவிட்டார். வெளியாட்கள் நுழைவார்கள், ஹைவே பக்கத்துப் பெரிய கேட் ஒன்றே போதும் என்று சொல்லிச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். என் முதலாளி சீனிவாசன் சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். வேலை கொடுத்தவர் பென்சிலை எடுத்தால் நாம் ரப்பரை எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அன்றைக்கு என்னால் முடியவில்லை. எல்லாரும் காரில் வந்து இறங்கினால் கூரை முழுக்க சோலார் போட்டு என்ன பசுமை என்று கேட்டேன். மான்குர்த்திலிருந்தும் தாராவியிலிருந்தும் ரயிலில் வருகிற பிள்ளைகள் எந்த வழியாக உள்ளே வரும் என்றும் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. காட்கே சாஹேப் கெட்டவர் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "அங்கேயிருந்தெல்லாம் யார் மேடம் இங்கே படிக்க வரப்போறாங்க?"

மார்க்

திரும்பும்போது லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஓரமாக நின்று அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நீங்களும் எங்கேயாவது அழுதிருப்பீர்கள்.

மறுநாள் சீனிவாசன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபைலை நீட்டினார். பசுமைச் சான்றிதழுக்கான விண்ணப்பம். ஸ்டேஷன் நடக்கும் தூரத்தில் இருந்தால் அதற்குத் தனி மார்க் உண்டு. சின்ன வாசல் இருக்கும் என்ற நினைப்பிலேயே 'ஐந்து நிமிஷ நடை' என்று நான் எழுதி அனுப்பிவிட்டிருந்தேன். வாசல் இல்லையென்றால் அது பச்சைப் பொய். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ சிரித்தார். "நீ நியாயம் பேசினே, தோத்தே. அவாகிட்ட மார்க்கைப் பத்தின்னா பேசணும்" என்று போனை எடுத்தார். பாதியில் ஸ்பீக்கரைப் போட்டார். காட்கே சாஹேபின் குரல் கணீரென்று கேட்டது: "அரே, மார்க் வரும்னா ஒண்ணு எதுக்கு, ரெண்டு வாசல் வைங்க!"

பூட்டு

வாசல் வந்தது. சான்றிதழ்க்காரர்கள் வந்தார்கள், ஸ்டேஷனிலிருந்து கடிகாரம் பார்த்து நடந்தார்கள், குறித்துக்கொண்டார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். பல்கலைக்கழகம் திறந்த பிறகு மரக்கன்றுகளைப் பார்க்கிற சாக்கில் போனால், வாசலில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு.

வாட்ச்மேன் வேதமுத்து அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருச்செந்தூர் பக்கத்துக்காரர், மான்குர்த்தில் குடியிருக்கிறார், கட்டடம் எழும்பிய நாளிலிருந்து எனக்குப் பழக்கம். என்ன அண்ணே இது என்றேன். என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுப் பூட்டைப் பார்த்துச் சொன்னார்: "பரீச்ச முடிஞ்சிட்டுல்லா மேடம், இனி புஸ்தகத்தத் தொறந்து வச்சு என்ன செய்யன்னு ஆபீஸ்ல கேக்காவ."

பத்து நிமிஷம்

மழைக்காலம் முடிந்ததும் வேதமுத்து அண்ணனே போன் செய்தார். "உப்புக் காத்துல பூட்டு துருப்பிடிச்சிரும், தெனம் காலையில ஒருக்கா தொறந்து எண்ண போட்டு வைக்கணும்னு சாஹேப்புட்ட சொன்னேன் மேடம். சரின்னுட்டாரு. எண்ண ஊற ஒரு பத்து நிமிசம் ஆவும்லா?" என்றார். அந்தப் பத்து நிமிஷம் எந்த ரயில் வருகிற நேரம் என்று நான் கேட்கவேயில்லை. மறுநாள், முதல் பீரியடுக்குச் சரியாக வந்து சேரும் ரயிலில் ஏறிவிட்டேன்.

என் கூடவே இறங்கிய பிள்ளைகள் தண்டவாளப் பக்கத்துப் பாதையில் ஓடின. பையும் டிபன் டப்பாவும் ஈரத் தலையுமாக எத்தனை பிள்ளைகள்! அவர்களோடு நானும் ஓடினேன், நாற்பத்தாறு வயது முட்டியோடு. வாசலில் வேதமுத்து அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். மேலே கேமரா இருக்கிறதாம், அடையாள அட்டை இல்லாத ஆள் நுழைந்தால் நாளை முதல் இந்தப் பத்து நிமிஷமும் இருக்காதாம். "மன்னிச்சுக்கிடுங்க மேடம்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் ஒதுங்கி நின்றேன். உள்ளே ஒரு ஜன்னலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக ஓடிவந்த பெண் அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து, நான் பின்தங்கிவிட்டேன் என்று நினைத்தோ என்னவோ, திரும்பிக் கத்தினாள்: "ஆன்ட்டி, ஜல்தி வாங்க, கேட் பந்த் ஆயிடும்!"

நான் வைத்த வாசலில் எனக்கு மட்டும் அனுமதி இல்லை என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேறு குறை ஒன்றும் இல்லை.