காலி வண்டியில் எடுத்த அளவு

என் அறுபத்தெட்டு மாடல் காருக்குப் பெரிய சக்கரமும், உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்கும் போட்டு ஒரு வாரம் ஆகிறது. தனியாக ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை.

இன்று காலை மனைவி, மாமனார், மாமியாரோடு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் கர்ரென்று சத்தம். ரோடு சரிந்த பக்கமெல்லாம் ஸ்டீயரிங் இழுத்தது. மாமியார் கதவுப் பிடியை விடவே இல்லை.

குருபரப்பள்ளியில் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"டயரு மேல தகரத்துல ஒரசுது சார். மாட்டறப்ப கேப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. ரெண்டு விரல் இருந்துச்சு."

"ஆள ஏத்திப் பாத்தீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "கம்பெனியில இவரு குவாலிட்டி செக்கிங்குங்க. லோடு வெக்காம எதையும் பாஸ் பண்ண மாட்டாரு."

மாமனாரும் மாமியாரும் அங்கேயே பஸ் ஏறினார்கள். அதோடு சத்தம் நின்றது. காரின் சத்தம் மட்டும்.

பழைய ஸ்பிரிங்கை மாட்டினால் சரியாகிவிடுமாம். அதைப் போன வாரமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். இந்தப் பழைய கார் குழுவில் யாரிடமாவது ஒரு செட் இருக்கிறதா? இந்த முறை மாமியாரை உட்காரவைத்துப் பார்த்துத்தான் பாஸ் பண்ணுவேன்.