தண்ணீர் கேட்காத செடி

அண்ணனின் நர்சரியில் வேலையாட்கள் அவளைச் சின்னக்கா என்பார்கள். வாசலின் ஒரு பக்கம் செம்பருத்தித் தொட்டிகள், மறுபக்கம் காகிதப்பூ. ஒரே வெயில், ஒரே மண், குடும்பம்தான் வேறு. செம்பருத்திக்கு ஒரு வேளை தண்ணீர் தவறினால் போதும், மொட்டுகளையெல்லாம் உதிர்த்து ஊரைக் கூட்டிவிடும். காகிதப்பூ நேர்மாறு. வேர் சுற்றிக்கொள்ளும்படி சின்னத் தொட்டியில் இறுக்கிக் காயப்போட்டால்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். விற்பனைக்கு முன் அதற்குத் தண்ணீரை நிறுத்துவது சின்னக்காவின் வேலை.

வீட்டிலும் அதே பக்குவம்தான். தங்கச்சி செம்பருத்தி ரகம். சாப்பிடாமல் கிடந்து அழுது, விரும்பியவனையே கட்டிக்கொண்டு போனாள். அழுத பிள்ளை பால் குடிக்கும். சின்னக்கா அழவில்லை. சிரித்த முகமாகக் குச்சி நட்டாள், களை பிடுங்கினாள், அண்ணிக்குப் பதிலாகச் சமைத்தாள். சிரிக்கிறவளுக்குத் தாகம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? தலையில் மிளகாய் அரைத்துக்கொண்டே தங்கமான பெண் என்று புகழ்ந்தார்கள். வயது நாற்பதைத் தாண்டியது.

தொட்டி கொண்டுவரும் வேன் டிரைவர், மனைவியை இழந்தவர், ஒருநாள் நேராகவே கேட்டார். "வெள்ளிக்கிழமை லோடு இறக்கிட்டுத் திரும்புறப்ப எங்கூட வந்துடுங்க. ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்." சந்தோஷத்தில் அவள் உடனே தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பையோடு வாசலுக்கு வந்தாள். வேன் நின்றிருந்தது. அண்ணன் கத்தவில்லை, கத்தியிருந்தால் போயே இருப்பாள்.

"போம்மா. ஆனா நீ போயிட்டா இதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவா?"

கிளம்புகிற பரபரப்பில் காலையிலிருந்து அவள் குழாய்ப் பக்கமே போகவில்லை. செம்பருத்தி துவண்டு கிடந்தது. இந்த வரிசைக்கு மட்டும் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று பையை வைத்தாள். அடுத்த வரிசையும் வாடியிருந்தது. அதற்கடுத்ததும். வேனின் ஹாரன் இரண்டு முறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அப்போதும் அவள் அழவில்லை. குழாயை இழுத்துக்கொண்டு காகிதப்பூப் பக்கம் போய்த் தொட்டி தளும்பத் தளும்ப ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். அதற்கு மறுநாளும்.

விற்பனை நேரத்தில் காகிதப்பூவில் பூவே இல்லை, இலைதான் மண்டியிருந்தது. அண்ணன் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார். "என்ன குறைன்னே தெரியலையே."

"ஒரு குறையும் இல்லண்ணா. வயிறு நெறையத் தண்ணி குடிச்சிருக்கு."

சொன்னவளின் முகத்தில் சிரிப்பு இல்லை. அண்ணன் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.