குடிக்காத ஞானம் அண்ணை

கடையில் மரவள்ளிக்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது. "ஞானம் அண்ணை போயிட்டார் பிள்ளை. ஹார்ட்டாம்." குரலில் குடிவெறி இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

பாரிஸில் எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் எல்லோருக்கும் அவர் அண்ணை. ஒரே கடையில் வேலை செய்ததால் எனக்கும் அண்ணைதான். வேதக்காரர், கிறிஸ்தவர். அவருடைய பூட்டனார் காலத்தில் அமெரிக்கப் பாதிரிமார் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களோடு மதுவிலக்குச் சங்கங்களும் தொடங்கினார்களாம். சேருகிறவர் எல்லோருக்கும் முன்னால் கையை உயர்த்தி, குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் குடும்பத்தில் அந்த வாக்குத் தலைமுறைகளாக நின்றது. "அமெரிக்கன் வந்தான், போனான். கள்ளுக்கொட்டில் அங்கையே நிக்குது" என்று சிரிப்பார். ஆனாலும் ஞாயிறு பின்னேரங்களில் கடையின் பின்னறைக்கு ஆட்களைக் கூட்டி அதே வாக்கை வாங்குவார்.

ஒருநாள் அப்பாவின் கூட்டாளி ரவி அண்ணை அவரிடம் கேட்டார்: "வைனும் ஒரு குடியே? பிரான்சிலை அது சாப்பாடு."

"அப்ப சோத்தோடை குழைச்சுத் தின் பாப்பம்!"

அப்பாகூடச் சிரித்தார். அப்பாவுக்குக் குடியால் வேலை போய், நான் லிசே என்ற உயர்பள்ளிப் படிப்பை விட்டுக் கடைக்கு வந்திருந்த காலம் அது. திரும்பப் படிக்க ஆசை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்ததோ, ஞானம் அண்ணை அப்பாவிடம் சொன்னார்: "எனக்காக விடவேண்டாம். உவள் படிக்கட்டும்." அப்பா கையை உயர்த்தினார். பிறகு உண்மையாகவே குடிக்கவில்லை. வேலையும் கிடைத்தது. செப்டெம்பரில் நான் லிசேக்குத் திரும்புவதாக இருந்தது.

அதற்குமுன் அவர் போய்விட்டார். தகனம் முடிந்து, பாரிஸுக்கு வெளியே பொண்டியில் இருந்த ரவி அண்ணை வீட்டுக்கு வந்தோம். செத்தவரின் படத்துக்கு முன்னால் ஏதாவது படைப்பது எங்கள் சைவ ஆட்களின் வழக்கம். ரவி அண்ணை ஒரு கிளாஸில் விஸ்கி ஊற்றிப் படத்தடியில் வைத்தார். "அண்ணைக்கு ஒண்டு." அழுதுகொண்டுதான் வைத்தார். யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஊற்றினார்கள். "அவருக்காக ஒரு வாய்" என்று, என்னைப் பார்க்காமல், அப்பாவும் எடுத்தார்.

அப்பா நிறுத்தவில்லை. அந்த வேலையும் போனது. செப்டெம்பரில் நான் கடையில்தான் நின்றேன். பின்னறையில் இப்போது அரிசி மூட்டைகள். கை உயர்த்தியவர்களில் எவராவது இன்னும் குடிக்காமல் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது.

அவரை நினைத்தால் நம்பிக்கை வருகிறது என்று எழுத எனக்கு ஆசைதான். வரவில்லை. கலியாணவீட்டில் எல்லோரும் ஊற்றிக்கொண்டிருக்க, வெறுங்கையோடு நடுவில் இருந்து, கூச்சப்படாமல் "எனக்கு வேண்டாம்" என்று சொன்ன ஒரு மனிதரைக் கண்டிருக்கிறேன். அதை மட்டும் வைத்திருக்கிறேன்.