மஞ்சள் கிண்ணமும் ஜெயில் வேட்டியும்

ஊரைத் திருத்தும் தொழிலில் கல்லடி வெளியிலிருந்து வரும். வீட்டில் நோயாளியைப் பார்க்கும் தொழிலில் சொல்லடி உள்ளேயிருந்தே வரும். இதில் மாட்டிய தோழர்களுக்கு விளக்கம் வேண்டாம். என் மனைவி சரசுக்கு மார்பில் புற்றுநோய். கரண்ட் என்று ஊர் சொல்லும் கதிர்வீச்சு வைத்ததில் தோல் சிவந்து காந்தியது. தோல் உடைந்தால் கரண்ட்டை நிறுத்திவிடுவோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்; இன்னும் ஏழு நாள் பாக்கி இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒத்தியெடுக்க மெத்தென்ற துணி, அவர்கள் தந்த களிம்பு. வேறெதுவும் கூடாது என்றார் நர்ஸ்.

நோட்டீஸ்

நர்ஸ் சொன்னதை நோட்டீஸாக எழுதி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நோயைப் பார்க்க வெறுங்கையோடு வருகிற ஊரா இது? விபூதி வந்தது, சோற்றுக்கற்றாழை வந்தது. செம்பட்டியிலிருந்து மச்சான் மனைவி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து எடுத்துவந்தாள். நோட்டீஸை மரியாதையாக வாங்கி, ஈ மொய்க்காமல் கிண்ணத்தை மூடினாள்.

வேறு வழியின்றி அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்து மறியல் செய்தேன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, கிளம்பும்போது சொன்னாள்: "கலெக்டராபீசு வாசல்ல இம்புட்டு வருசம் உக்காந்து ஒண்ணும் நடக்கல. இங்கன நடத்திப்புட்டீகளேண்ணே."

பசை வாளி

களிம்பு பூச எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம் என்றிருந்தேன். திண்டுக்கல் சுவர்களில் போஸ்டர் ஒட்ட நான் பூசாத பசையா? இரண்டு விரல் நிறைய எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. சரசு கண்ணில் தண்ணீர் நின்றது. என் விரலைப் பிடித்து, தோல்மேல் பட்டும் படாமலும் வைத்துக் காட்டினாள். "நான் செவுரு இல்லைங்க. நாளைக்குக் கிழிச்சுட்டு வேற ஒட்ட முடியாது."

வேட்டி

சின்னாளபட்டியில் நெசவு பார்க்கும் தோழர் புதுச் சுங்குடிச் சேலை கொடுத்தார். நல்ல மனசு, நல்ல கஞ்சி. மேலே பட்டதும் சரசு முகம் சுளித்தாள். துவைத்துத் துவைத்து நைந்த துணி வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றுதான்: நான் சிறைக்குக் கட்டிக்கொண்டு போன வேட்டி. ஒருநாள் யாராவது காட்சிக்கு வைக்கக் கேட்டு வருவார்கள் என்று பெட்டியில் பூட்டியிருந்தேன். கேட்டது சரசுதான். நானே நாலாகக் கிழித்தேன்.

அதைப் போர்த்திக்கொண்டே மிச்ச நாளும் கரண்ட்டுக்குப் போனாள். தோல் உடையவில்லை. கடைசிக் கரண்ட் முடிந்ததும், வீட்டில் யார் கவனித்தது என்று டாக்டர் கேட்டார். நான் நிமிர்ந்து நின்றேன். சரசு சொன்னாள்: "இவுகளும் இருந்தாக டாக்டரு. ஒத்தாசை பண்ணுனது வேட்டிதான்."

நாற்பது வருடம் போராடி நான் முழுசாகக் காப்பாற்றியது இரண்டு உள்ளங்கை அகலத் தோல். அந்தப் பேரும் வேட்டிக்குப் போய்விட்டது.