ஒட்டோகிளேவில் இரண்டு தரம் வெந்த கைட்

கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் டென்டல் கதிரையில் சாய்ந்திருந்தார். கீழ்த்தாடையில் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் திருகும் செயற்கைப் பல்வேர். ஊசி போட்டு உதடு மரத்துவிட்டது. வெட்டு இன்னும் போடவில்லை. அப்போதுதான் டொக்டர் என்னை மேல்மாடி லேபிலிருந்து கூப்பிட்டார்.

“அண்ணை, உங்கட கைட் ஆடுது. வந்து பாருங்கோ.”

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. அவர் மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிது என்று எங்களுக்குத் தெரியும்.

சேர்ஜிக்கல் கைட் என்பது பற்களின் மேல் கவிழ்த்து வைக்கும் ரெசின் அச்சு. அதிலுள்ள துளை காட்டும் வழியில்தான் ட்ரில் இறங்கும். த்ரீ-டி பிரிண்டரில் அதைப் பிரிண்ட் பண்ணியவன் நான். அவருடைய பல்வரிசையின் மொடலில் மாட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன், அசையவில்லை. இப்போது பின்பக்கத்தை அமுக்கினால் முன்பக்கம் மயிரிழை அளவு எழும்பியது.

“அமுக்கிப் புடிச்சா உட்காந்துருமே, டொக்டர்?”

“கையை எடுத்தால்? மேல மயிரிழை எண்டால் ட்ரில் நுனியில எவ்வளவு? அங்க நரம்பு ஓடுது அண்ணை.”

நரம்பில் பட்டால் உதடு மரத்தது மரத்ததுதான். சிலருக்குத் திரும்பவே திரும்பாது. ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு யாவாரமே வாயாலதான் தம்பி. அத உட்டு வைங்க,” என்றார் கோணிய வாயோடு.

நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஒட்டோகிளேவ் ஓடுறப்ப கரண்ட் போயிருச்சி. அரைகுறையா விடக்கூடாதுன்னு மறுபடி முதல்லருந்து போட்டேன்.”

அவரில் பிழையில்லை. ஒட்டோகிளேவ் நீராவிச் சூட்டில் கிருமி கொல்லும் பெட்டி; இரும்புச் சாமானுக்கு அதுதான் முறை. ஆனால் ரெசின் இரும்பல்லவே, இரண்டு தரம் வெந்தால் வளையும். லேபில் அதே மொடலில் மாட்டினேன். அங்கும் ஆடியது.

டொக்டர் கையுறையைக் கழற்றினார். “இண்டைக்கு வேண்டாம்.”

“ஊசியக் குத்திட்டுச் சும்மா அனுப்புறீங்களே,” என்றார் ஹாஜியார். “எங்கட கடையில ஒரு துணியாவது விரிச்சிக் காட்டித்தான் ஆள அனுப்புவோம்!”

சிக்கல் இதுதான். கிருமி நீக்கிய கைட்டை மொடலில் தொட்டால் நீக்கியது வீண். தொடாவிட்டால் வளைந்ததா என்று வாயில்தான் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரிண்ட் எடுக்கிறோம். இரண்டும் ஒரே சூட்டில், ஒட்டோகிளேவின் ஒரே ஓட்டத்தில் போகும். ஒன்றை மொடலில் மாட்டிப் பார்ப்போம். அது ஆடினால் மற்றதின் பையைப் பிரிப்பதேயில்லை. லேபில் வேலை பழகும் பிள்ளைகளே, பிரிண்டரிலிருந்து வந்ததை மட்டும் நம்பாதீர்கள். வாய்க்குள் போவது ஒட்டோகிளேவிலிருந்து வந்தது.

அடுத்த கிழமை ஹாஜியாரின் கைட் அசையாமல் உட்கார்ந்தது. ஒப்பரேஷன் முடிந்து அவர் வீட்டுக்குப் போனார். மரப்பு விடும் நேரம் வரை டொக்டரும் நானும் தேத்தண்ணியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது.

“தம்பி, கீழுதட்டக் கடிச்சிக்கிட்டேன். என்னா நோவு!”

டொக்டர் கோப்பையைக் கையில் எடுத்தார்.