ஆற்றோரச் சரளைப் பாதை

ஆற்றோரப் பூங்காவில் புதிதாகச் சரளைப் பாதை போட்டிருக்கிறார்கள். இன்று அதில் சைக்கிள்கள் நறநறவென்று போனதும் நின்றுவிட்டேன்.

சிறுவயதில் இதே ஆற்றோரம், அப்போதிருந்த சரளைத் தடத்தில் அக்கா சைக்கிள் மிதிக்க, நான் தூக்குச்சட்டியோடு பின்னால் உட்கார்ந்து, பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவோம். ஒருநாள் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. நான் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"சாம்பிள் வெடிச்சுப் பாக்காக, பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தாள். சீசனில் அது தினமும் கேட்பதுதான். பயம் தெளிந்து, கோவைப்பழம் பறிக்க வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

கம்பெனி வாசலில் அப்பாவோடு வேலை பார்ப்பவர் எங்களைப் பார்த்து அழுதார். "உங்க பேரச் சொல்லிக்கிட்டே கெடந்தாக. இப்பத்தான் உசுரு போச்சு."

வழியில் நிறுத்தச் சொன்னது நான் என்று அக்கா அம்மாவிடம் சொல்லவேயில்லை. நானும் சொல்லவில்லை. போன மாதம் அம்மா இறந்துவிட்டாள்.